எட்டு வரிக்கு ஓர் உரை: மலை வீட்டுச் சுடுநீர்ச் சுற்றை நிரப்புதல்

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவின் குதிரைப் பந்தயத் திடல் சில அதிகாலைகளில் வெளுத்துக் கிடக்கும். வானிலை அறிவிப்பில் "துகள் உறைபனி" என்று வருவது அதுதான். கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் அது இறங்கினால் சில நாளில் கொழுந்து கருகிவிடும். தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். கூரைமேல் சூரிய வெப்பப் பலகை வைத்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கொழுந்தைக் கருக்கிய அந்த இரவே பலகைக்குள் ஓடும் செம்புக் குழாயையும் பிளக்கக்கூடும்.

மலையகத்தில் மூடிய சுடுநீர்ச் சுற்றைக் காணும் இடங்கள் சில. கூரைப் பலகையில் சூடான திரவம் தொட்டிக்குள் இருக்கும் சுருள் குழாய்க்குப் போய் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வீடுகளும் விடுதிகளும் உண்டு. அறைச் சுவரில் ரேடியேட்டர் மாட்டிய பழைய பங்களா ஒன்றிரண்டு இருக்கலாம். சில தேயிலைத் தொழிற்சாலைகளில் விறகுக் கொதிகலனின் சுடுநீர் ரேடியேட்டர் வழியாக ஓட, அதன் மேல் காற்றை ஊதிக் கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்கு அனுப்புகிறார்கள். எங்கே இருந்தாலும் வேலை ஒன்றுதான். ஒரே திரவம் திரும்பத் திரும்பச் சுற்றும்; உள்ளே காற்று இருக்கக்கூடாது; திரவம் உறையவும் கூடாது, குழாயை அரிக்கவும் கூடாது.

இதற்கான கையேடுகள் குளிர் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. அவற்றின் கட்டளைகள் சரியானவை. அவை தரும் எண்கள் பல நேரம் நம் மலைக்குப் பொருந்துவதில்லை. எந்தக் கையேட்டைப் பிரித்தாலும் வேறு வேறு சொல்லில் வரும் கட்டளைகளை வேலை பழகும் பிள்ளைகளுக்காக எட்டு வரியில் சுருக்கி எழுதினேன். வரிகள் எந்த ஊருக்கும் பொது. உரை இந்த மலைக்கு.

கழுவிய பின் நிரப்பு.
குளிரை அறிந்து கிளைக்கோலை அள.
வெளியே கல, உள்ளே கலக்காதே.
கீழிருந்து ஏற்று, மேலே வழிவிடு.
ஏர் எடுக்கையில் பம்ப் ஓடக்கூடாது.
அமுக்கத்தை உயரத்துக்கு வை.
சூடாக்கு, ஆறவிடு, மறுபடி ஏர் எடு.
மிச்சத்தைப் பூட்டு, பழையதை ஓடையில் ஊற்றாதே.

கழுவிய பின் நிரப்பு.

புதுக் குழாயும் சுத்தமானது இல்லை. பற்றவைக்கப் பூசிய ஃப்ளக்ஸ், திரெட் வெட்டிய எண்ணெய், உலோகத் துருவல் எல்லாம் உள்ளே கிடக்கும். பழைய தொழிற்சாலைக் குழாயில் பல காலத்துத் துரு சேர்ந்திருக்கும். உறையாமலிருக்கத் தண்ணீரோடு சேர்க்கும் கிளைக்கோலில் அரிப்பைத் தடுக்கும் சேர்மானங்களும் உண்டு. அழுக்குள்ள குழாயில் விட்டால், இரும்பைக் காக்க வேண்டிய அந்தச் சேர்மானம் அழுக்கோடு சேர்ந்து வீணாகும். ஆகவே வெறும் தண்ணீர் விட்டு, சில மணி நேரம் பம்பை ஓட்டி, வெளியே வரும் தண்ணீர் தெளியும் வரை கழுவ வேண்டும்.

கல்வனைஸ் குழாயை இந்தச் சுற்றில் போடவே கூடாது. நம் ஊரில் தண்ணீர்க் குழாய் என்றாலே கை அதற்குத்தான் போகும். அதன் துத்தநாகப் பூச்சு கிளைக்கோலின் சேர்மானத்தோடு வினைபுரிந்து சேறாக இறங்கும். பூச்சும் போகும், சேர்மானமும் போகும்.

கழுவுவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. கடைசித் தண்ணீரை வாளியில் அளந்து வடித்தால் சுற்றின் கனவளவு கையில் கிடைத்துவிடும். பள்ளமான குழாய்களில் கொஞ்சம் தங்கிவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தங்கிய தண்ணீர் பின்னால் கலவையை நீர்க்கச் செய்யும்.

குளிரை அறிந்து கிளைக்கோலை அள.

எட்டு வரியிலும் இதற்குத்தான் நம் மலையில் அதிகப்படி உரை வேண்டும். கடைக்காரர் பாதிக்குப் பாதி கலக்கச் சொல்வார். பாதிக்குப் பாதி கலந்த புரோப்பிலீன் கிளைக்கோல் சைபருக்குக் கீழே 30 பாகையைத் தாண்டியும் உறையாது. அது கனடாவில் வேண்டிய பாதுகாப்பு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் குளிர் சைபரைத் தொட்டு, சில இரவுகளில் சற்றே கீழே போய்த் திரும்புகிறது. 1,271 மீற்றரில் இருக்கும் அட்டனில் அந்த அளவு உறைபனியும் இல்லை.

அப்படியென்றால் கிளைக்கோலே வேண்டாமா? கூரைப் பலகைக்கு வேண்டும். தெர்மோமீட்டர் 3 பாகை காட்டும் இரவிலும் பலகைக்குள் தண்ணீர் உறையலாம். மேகமில்லாத இரவில் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் எந்தப் பரப்பும் தன் வெப்பத்தை மேலே வீசிக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை கீழே அது இறங்கிவிடும். தேயிலைக்கு நடப்பதும் இதுவே. வானிலை நிலையத்துப் பெட்டிக்குள், ஆள் நெஞ்சளவு உயரத்தில் தொங்கும் தெர்மோமீட்டர் சைபருக்கு மேலே காட்டும்போதே செடியின் மேல்மட்டக் கொழுந்தில் பனி படிந்திருக்கும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். பள்ளத்து மலைகளில்தான் கொழுந்து முதலில் கருகும். பலகை வைத்த வீடும் அப்படியொரு பள்ளத்தில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். பலகைக்குள் இருக்கும் விரல் மொத்தச் செம்புக் குழாய் அதைத் தாங்காது.

எனவே கூரைக்குப் போகும் சுற்றில் நான் சொல்லும் அளவு நூற்றுக்கு 25 முதல் 30 வரை. இது சைபருக்குக் கீழே 10 முதல் 13 பாகை வரை காக்கும். நுவரெலியாவுக்கு 20 சதவீதமே போதாதா என்று கணக்குத் தெரிந்த பிள்ளைகள் கேட்பார்கள். குளிருக்குப் போதும். ஆனால் அவ்வளவு நீர்த்த கிளைக்கோல் பாக்டீரியாவுக்கு உணவாகிவிடும். அரிப்புத் தடுப்புச் சேர்மானமும் வேலை செய்யாத அளவுக்கு மெலிந்துவிடும். 25க்குக் கீழே இறங்கக்கூடாது என்பதற்குக் காரணம் பனி இல்லை, இந்த இரண்டும்தான்.

30ஐத் தாண்டுவதும் நட்டமே. கிளைக்கோல் கூடக் கூடத் திரவம் கெட்டிப்பட்டு ஓடும். பம்புக்குச் சுமை ஏறும். வெப்பத்தைச் சுமக்கும் திறனும் குறையும். 40 சதவீதக் கலவை வெறும் தண்ணீரைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாகவே வெப்பம் எடுத்துச் செல்லும். விலையும் குறைவில்லை.

தொழிற்சாலைக்குள் வாட்டும் தொட்டிகளுக்கு வெப்பம் தரும் சுற்று முழுவதும் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. கொதிகலன் எரியும் இடம் அது. அங்கே உறைவதற்கு வழியே இல்லை. அதில் கிளைக்கோல் ஊற்றுவது நல்ல ரேடியேட்டரின் வேலையைக் குறைப்பதாகும். தண்ணீரும் அளவான அரிப்புத் தடுப்பானும் போதும். மழைக் காலத்தில் ஈரக் கொழுந்து வந்து குவியும்போது வாட்டும் காற்றுக்குக் கொஞ்சம் சூடு கூட்டியே ஆகவேண்டும்; அந்த நேரத்தில் ரேடியேட்டர் கொடுக்கும் ஒவ்வொரு பாகையும் கணக்கு. பங்களா அறைகளின் ரேடியேட்டருக்கும் இதே தீர்ப்புத்தான். குழாய் வெளிச்சுவர் வழியாகவோ கூரைக்கு அடியில் திறந்த இடத்திலோ போனால் மட்டும் கிளைக்கோலைப் பற்றி யோசிக்கலாம்.

இவ்வளவு சொன்னபின் ஒன்றைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. வாட்டும் தொட்டிக்கும் விருந்தினர் அறைக்கும் வெப்பத்தைப் பாகை பார்த்துக் கொடுக்கும் இந்த மலையில், லயக் காம்பராக்களுக்கு அடுப்புப் புகையும் கம்பளியும்தான் இன்னும் வெப்பம். பனி இறங்கும் அதே இரவுகளில் தகரக் கூரையும் வானத்தைப் பார்த்துக் குளிர்கிறது. அதற்கடியில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். சீலிங் அடித்தாலே அந்தக் குளிர் குறையும்.

வெளியே கல, உள்ளே கலக்காதே.

கிளைக்கோலைத் தனியாக ஊற்றி, மேலே தண்ணீர் விட்டு, பம்ப் கலக்கிக்கொள்ளும் என்று விடுவது அடிக்கடி நடக்கிறது. கலக்காது. கிளைக்கோல் தண்ணீரைவிடக் கனமானது. ஓட்டம் குறைந்த கிளைகளிலும் பள்ளங்களிலும் அது தங்க, பலகையில் வெறும் தண்ணீர் நிற்கும். 40 லீற்றர் பிடிக்கும் சுற்றுக்கு 12 லீற்றர் கிளைக்கோல், 28 லீற்றர் தண்ணீர் என்று பெரிய வாளியில் கலந்து, கிளறி, பிறகே உள்ளே விட வேண்டும். கொஞ்சம் கூடுதலாகக் கலந்து வைத்துக்கொண்டால் பின்னால் ஏர் எடுக்கும்போது, அதாவது சிக்கிய காற்றை வெளியே விடும்போது, குறைவதை அதே கலவையால் ஈடுசெய்யலாம்.

தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீராக இருப்பது நல்லது. நம் மலை ஊற்று நீர் பெரும்பாலும் மென்னீர்தான், உப்புப் படியாது. ஆனால் மழை பெய்த மறுநாள் அதில் மண் வரும். நகரக் குழாயில் குளோரின் வரும். கலவையைச் சோதிக்க ஒளிமுறிவுமானி வேண்டும். ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் சதவீதம் தெரியும். லொறி கராஜில் இருக்கும் மிதவை அளவி வேறு கிளைக்கோலுக்கு அளந்து செய்தது. அது இங்கே தப்புச் சொல்லும்.

கீழிருந்து ஏற்று, மேலே வழிவிடு.

நிரப்புவது என்றால் காற்றை வெளியேற்றுவது. திரவம் ஏறுகிற வேகத்தில் காற்று மேலே விலகிப் போக வழி இருக்க வேண்டும். ஆகவே நிரப்பும் வால்வு சுற்றின் ஆகக் கீழான இடத்திலும், திறந்த ஏர் வால்வு ஆக மேலான இடத்திலும் இருக்க வேண்டும். மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு வால்வை முழுக்கத் திறந்தால் திரவம் காற்றைத் தாண்டி முன்னால் ஓடிவிடும். தாண்டிவிட்ட காற்று பின்னால் எங்கேயோ சிக்கிக் கிடக்கும்.

சம தரையில் கட்டிய வீட்டில் மேலான இடம் எது என்று கேட்க வேண்டியதில்லை. நம் வீடுகள் சரிவில் நிற்கின்றன. தொட்டி கீழ்த்தட்டில், சமையலறை அதற்கு மேல், கூரைப் பலகை பின்மேட்டை ஒட்டி. குழாய் பாறையைச் சுற்றி ஏறும், மதகுக்கு மேலே வளைந்து இறங்கும், மறுபடி ஏறும். அப்படி ஏறி இறங்கும் ஒவ்வொரு மேட்டிலும் காற்று தங்கும். கூரையில் ஒரே ஒரு ஏர் வால்வு வைத்துவிட்டு நடுவில் இரண்டு மேடு விட்ட சுற்றை எத்தனை தடவை நிரப்பினாலும் அது ஓடாது. குழாய் பதிக்கும்போதே ஒரே சீராக ஏற்றமாகக் கொண்டுபோவது முதல் வழி. முடியாத இடத்தில் மேட்டுக்கு மேடு ஒரு ஏர் வால்வு வைத்துவிட வேண்டும். பதித்து மூடிய பின் இதைச் செய்ய மண்ணைத்தான் தோண்ட வேண்டிவரும்.

மேடு பள்ளம் உள்ள சுற்றுக்கு இன்னொரு முறை இருக்கிறது. எனக்குப் பிடித்ததும் அதுதான். திரும்பி வரும் குழாயில் ஒரு வால்வை மூடி, அதன் இருபுறமும் இருக்கும் சிறு வால்வுகளில் ஒவ்வொரு ஹோஸ் மாட்ட வேண்டும். கலவை வாளியில் ஒரு பம்ப். அது ஒரு ஹோஸ் வழியாகத் திரவத்தைத் தள்ளும். முழுச் சுற்றையும் சுற்றி மற்ற ஹோஸ் வழியாக அதே வாளிக்குத் திரும்பும். திரும்பும் ஹோஸின் வாய் திரவ மட்டத்துக்குக் கீழே முங்கியிருக்க வேண்டும். முதலில் பொருமிக்கொண்டு குமிழியாக வரும், பிறகு நுரை, பிறகு ஒன்றிரண்டு குமிழி, கடைசியில் வாளியின் மேற்பரப்பு அலையாமல் சுழலும். ஓட்டம் செக்கனுக்கு அரை மீற்றருக்கு மேல் இருந்தால் இறங்கும் குழாயில் சிக்கிய காற்றையும் அது இழுத்துக்கொண்டு வந்துவிடும். மெல்லிய ஓட்டத்துக்கு அந்த வலு கிடையாது. குழாய் பல கிளையாகப் பிரிந்தால் ஒவ்வொரு கிளையாகத் திறந்து, மற்றதை மூடி, தனித்தனியே ஓட்ட வேண்டும்.

கூரைப் பலகையை நண்பகலில் நிரப்பக் கூடாது. மூடுபனி விலகிச் சட்டென்று வெயில் அடிக்கும் ஊர் இது. காலிப் பலகை கொதிக்கிற சூட்டுக்கு மேலே போயிருக்கும். திரவம் அதைத் தொட்டதும் ஆவியாகி முகத்தில் சீறும். அதிகாலையில் செய்யுங்கள். முடியாவிட்டால் பலகையைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, ஆறிய பின் ஏறுங்கள்.

ஏர் எடுக்கையில் பம்ப் ஓடக்கூடாது.

பம்ப் ஓடும்போது குமிழிகள் திரவத்தோடு சுழன்றுகொண்டே இருக்கும்; மேலே வந்து சேராது. அத்தோடு பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் அமுக்கம் குறைந்திருக்கும். அந்தப் பக்கத்து ஏர் வால்வைத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியே வருவதற்குப் பதில் வெளிக்காற்று உள்ளே போகும். நிறுத்தி, கால் மணி நேரம் அமரவிட்டு, பிறகு திறக்க வேண்டும்.

ரேடியேட்டரைக் கையால் தடவிப் பார்த்தே காற்று இருப்பதைச் சொல்லிவிடலாம். கீழ்ப்பாதி சுடும், மேற்பாதி சில்லிட்டிருக்கும். பம்புக்குப் பக்கத்தில் நின்றால் காதும் சொல்லும். தொழிற்சாலையில் பழைய பிட்டர் ஒருவர் வேலை பழகும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை எனக்கு இன்றும் சரியாகப் படுகிறது. "காத வச்சுக் கேளு தம்பி. உள்ளுக்க கூழாங்கல்லு உருள்ற மாதிரி கேக்குதா? அதுதான் காத்து. அது நிக்கிற வரைக்கும் வீட்டுக்குப் போற நெனப்ப விட்டுரு."

திறக்கும் விதமும் சொல்லவேண்டியது. ரேடியேட்டரின் மேல் ஓரத்தில் சிறு ஏர் ஸ்க்ரூ இருக்கும். கீழே ஒரு துணியும் தகரக் குவளையும் பிடித்துக்கொண்டு, சாவியால் கால் திருப்புத்தான். முழுக்கக் கழற்றினால் திரும்பப் பூட்ட முடியாமல் அறை நனையும். முதலில் "ஸ்ஸ்" என்ற சத்தம் மட்டும். விரல் வைத்தால் காற்று தெரியும். பிறகு துப்பித் துப்பித் திரவம் வரும், ஒரு சொட்டு, கொஞ்சம் காற்று, மறுபடி சொட்டு. கடைசியில் நூல் பிடித்தது போல அறாமல் ஓடும். ஓடத் தொடங்கியதும் மூடிவிட வேண்டும். கீழ்த்தட்டு ரேடியேட்டரில் தொடங்கி மேலே ஏறி, கடைசியில் கூரைக்குப் போகவேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு கேஜைப் பார்த்து, குறைந்த அமுக்கத்தைக் கலவை விட்டு ஈடுசெய்ய வேண்டும். தண்ணீர் விட்டால் நீர்த்துவிடும்.

தண்ணீர் கசியாத இடத்திலும் கிளைக்கோல் கசியும். மூட்டுகளில் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பிசுபிசுப்பாக ஒரு வளையம் தெரியும். அதை முறுக்கி நிறுத்தாமல் விட்டால் திரவம் போகிற வழியிலேயே பின்னால் காற்றும் வரும்.

அமுக்கத்தை உயரத்துக்கு வை.

கையேடு சொல்லும் கணக்கு எளிது. கேஜ் இருக்கும் இடத்திலிருந்து சுற்றின் உச்சி எத்தனை மீற்றர் என்று அளக்க வேண்டும். 10 மீற்றருக்கு 1 பார் வீதம் எடுத்து, அதோடு அரை பார் கூட்டினால் ஆறிய நிலையில் வைக்கவேண்டிய அமுக்கம் வரும். உச்சி 8 மீற்றர் மேலே என்றால் 0.8ம் 0.5ம் சேர்த்து 1.3 பார். அந்த அரை பார் எதற்கென்றால், உச்சியில் எப்போதும் வெளிக்காற்றைவிட அமுக்கம் கூடியிருந்தால்தான் காற்று வெளியே போகும். குறைந்தால் உள்ளே வரும்.

இந்தக் கணக்கு கடல் மட்டத்துக்கு எழுதியது. நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கமே ஏறக்குறைய 0.8 பார்தான், கொழும்பில் 1 பார். கேஜ் வெளிக்காற்றுக்கு மேலே உள்ளதை மட்டும் காட்டுவதால் இந்த வித்தியாசம் அதில் தெரியாது. கொழும்பில் 1 பார் காட்டும் சுற்றுக்குள் உண்மையில் 2 பார் இருக்கும். நுவரெலியாவில் அதே முள்ளுக்கு 1.8தான். தண்ணீர் இங்கே திறந்த பாத்திரத்தில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமெடுப்பதற்கும் அதுவே காரணம். வெயில் ஏறிய பலகையிலும் பம்பின் உறிஞ்சும் வாயிலும் கொதி குமிழி சீக்கிரம் தோன்றிவிடும். அதைக் காற்று என்று நினைத்து நாள்முழுக்க ஏர் எடுத்துக்கொண்டிருப்பார்கள். எனவே நுவரெலியாவில் கணக்கில் வரும் அமுக்கத்தோடு இன்னும் 0.2 பார் கூட்டி வையுங்கள். மேலே சொன்ன வீட்டுக்கு 1.5 பார்.

விரிவுத் தொட்டியையும் இதோடு பார்க்க வேண்டும். ரப்பர் சவ்வுக்கு ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் திரவம். சூட்டில் பருக்கும் திரவத்துக்கு அது இடம் கொடுக்கும். கிளைக்கோல் கலவை தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கூடப் பருக்கும். தண்ணீருக்குக் கணக்கிட்ட தொட்டி சிறிதாகிவிடும். சிறிதானால் மதியம் சேஃப்டி வால்வு திறந்து கலவை கொட்டும், இரவில் அமுக்கம் விழும், விழுந்த இடத்தில் காற்று புகும். தொட்டியின் காற்றுப் பக்கத்தைச் சுற்று காலியாக இருக்கும்போதே சைக்கிள் பம்பால் அடித்து, நிரப்பும் அமுக்கத்துக்கு 0.2, 0.3 பார் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும். நிரப்பிய பின் அளந்தால் திரவத்தின் அமுக்கத்தைத்தான் காட்டும்.

சூடாக்கு, ஆறவிடு, மறுபடி ஏர் எடு.

எல்லாக் காற்றும் குமிழியாக இருப்பதில்லை. குளிர்ந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் காற்றைக் கரைத்து வைத்திருக்கும், சூடானதும் விட்டுவிடும். அடுப்பில் வைத்த கேத்தலின் அடியில் கொதிக்கும் முன்பே ஒட்டி நிற்கும் சிறு குமிழிகள் அவைதான். ஆகவே முதல் நாள் எவ்வளவு நன்றாக ஏர் எடுத்தாலும் சுற்றைச் சூடாக்கிய பிறகு மறுபடி காற்று சேரும். வேலை கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். சூடாக்கி, பம்பை நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி எடுக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை.

கூரை உச்சியில் தானாகத் திறக்கும் ஏர் வால்வு வைத்திருந்தால், இந்த வேலை முடிந்ததும் அதற்குக் கீழே உள்ள வால்வை மூடிவிடுங்கள். கரண்ட் போய்ப் பம்ப் நின்ற ஒரு வெயில் நாளில் பலகைக்குள் திரவம் ஆவியாகும். தானாகத் திறக்கும் வால்வு காற்று எது ஆவி எது என்று பார்க்காமல் இரண்டையும் வெளியே விட்டுவிடும்.

இப்படி அடிக்கடி கொதித்த கிளைக்கோல் பழுப்பேறி அமிலமாகும். வருடத்துக்கு ஒரு தடவை, உறைபனிக் காலத்துக்கு முன் டிசம்பரில், ஒரு கிளாஸில் எடுத்து நிறம் பாருங்கள், சதவீதம் பாருங்கள், பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். 7க்குக் கீழே போயிருந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும்.

மிச்சத்தைப் பூட்டு, பழையதை ஓடையில் ஊற்றாதே.

வாகன ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட் பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல். கொழுந்து லொறிக்கு வாங்கியதில் மீந்ததை வீட்டுச் சுற்றுக்கு ஊற்றினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. தொட்டிக்குள் இருக்கும் சுருள் குழாயில் ஒரு ஊசித் துளை விழுந்தால் போதும். குளிக்கும், சமைக்கும் தண்ணீரில் அது கலந்துவிடும். எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. ஒரு பெரிய ஆளைக் கொல்ல 100 மில்லிலீற்றர் அளவு போதும். குழந்தைக்குச் சில வாய். வீட்டுச் சுற்றுக்குப் புரோப்பிலீன் கிளைக்கோல் மட்டுமே. அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. இருந்தாலும் சேர்மானம் கலந்திருப்பதால் அதுவும் வாயில் வைக்கக்கூடியது இல்லை.

எதிலீன் கிளைக்கோல் இனிக்கும். பச்சை, இளஞ்சிவப்பு என்று சாய நிறத்தில் வரும். நெக்டோ போத்தலில் ஊற்றி வைத்தால் எந்தப் பிள்ளையும் குடிக்கும். தோட்டத்தில் காலிக் கேன் வீணாகப் போவதில்லை. பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்துவர லயத்துக்குப் போய்விடும். அதனால் மிச்சத்தை வேறு போத்தலுக்கு மாற்றாமல் வந்த கேனிலேயே, சிங்களத்திலும் தமிழிலும் "நஞ்சு" என்று பெரிதாக எழுதி, பூட்டு உள்ள இடத்தில் வையுங்கள். கேன் காலியானதும் கத்தியால் கிழித்துத் துளையிட்டுப் போடுங்கள். இதைச் செய்ய ஒரு நிமிடம் ஆகாது. செய்யாமல் விட்டுப் போகும் பிட்டரை நான் வேலைக்கு எடுக்க மாட்டேன்.

வடித்த பழைய கலவையை ஓடையில் விட்டால் அது மக்கும்போது தண்ணீரில் இருக்கும் ஒட்சிசனைத் தின்றுவிடும். மீன் செத்து மிதக்கும். நானுஓயாவில் விட்டது கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. டிக்கோயாப் பக்கத்து ஓடையில் விட்டது காசல்ரீ நீர்த்தேக்கம் வழியாகக் களனிக்குப் போகிறது. நடுவில் எத்தனையோ பேர் குடிநீர் எடுக்கிறார்கள். வடித்ததைக் கேனில் பிடித்துவைத்து, கழிவு எண்ணெய் எடுத்துப்போகிறவர்களிடம் என்னவென்று சொல்லிக் கொடுங்கள்.

யாராவது கூலன்டைக் குடித்துவிட்டது தெரிந்தால் அறிகுறி வரும் வரை காத்திருக்கக் கூடாது. முதல் சில மணி நேரம் குடிவெறி போல உளறலும் வாந்தியும்தான் இருக்கும்; தூங்கினால் சரியாகும் என்று விட்டுவிடுவார்கள். அடுத்த ஓரிரு நாளில் சிறுநீரகம் செயலிழக்கும். நேரத்துக்குப் போனால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் காப்பாற்றும். சாராயம் கொடுத்தால் முறியும் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். அது வைத்தியசாலையில், இரத்தத்தில் அளவு பார்த்துச் செய்யும் சிகிச்சை. வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரச்சொல்லுங்கள். டிவிஷன் பாதைக்கு அது ஏறிவர நேரமாகும் என்றால் தோட்டத்து லொறியிலேயே இறக்கி, வழியில் சந்தியுங்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலையோ நுவரெலியா வைத்தியசாலையோ, எது பக்கமோ அங்கே. கேனைக் கையோடு கொண்டுபோங்கள். என்ன கிளைக்கோல் என்று வைத்தியர் அதில்தான் பார்ப்பார்.